அவில் புல்லும் தோடர் கோயில் கூரையும்

நீலகிரி மேட்டுநிலத்தின் வரலாறு பெரும்பாலும் சோலைகளையும் தேயிலைத் தோட்டங்களையும் சுற்றியே எழுதப்பட்டுள்ளதால், அங்குள்ள உயர்மலைச் சதுப்புகளில் வளரும் அவில் என்னும் பல்லாண்டுப் புல், அதாவது ஒரே வேரடியிலிருந்து ஆண்டுதோறும் தழைக்கும் புல், அவ்வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. தாவரவியலில் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி எனப்படும் இது, தென்னிந்தியப் புற்களுக்கு 1921இல் கையேடு எழுதிய ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கியுள்ளது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளுக்கும் துணைநின்றவர் அவரே என்பது பொருத்தமான தற்செயல்தான்.

எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள், மந்து என்னும் தம் குடியிருப்புகளில் வீட்டையும் கோயிலையும் புல்லால் வேய்ந்தனர். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிய சட்டகத்தின்மேல் புற்கற்றைகளை நெருக்கமாக அடுக்கி இறுக்கும்போது, கூரை இருபுறமும் தரையை நோக்கி இறங்கிப் பக்கச் சுவராகவும் அமைகிறது. முன்புறத்தில் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாயில் விடப்படுகிறது. ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் உள்ள மூன்போ கோயிலோ பிறைவடிவில் அன்றிக் கூம்பாக உயர்ந்து நிற்கிறது. 1901-02இல் தோடரிடையே ஆய்வு செய்த ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கோயில்களையும் அவற்றின் சடங்குகளையும் விரிவாகப் பதிவு செய்தார். கோயிலுக்குக் கூரை மாற்றுவது ஆண்கள் கூடித் தூய்மை விதிகளுடன் நிறைவேற்றும் சடங்காதலால், கைக்குக் கிடைத்த புல்லை அதற்குப் பயன்படுத்திவிட முடியாது; அவில்தான் வேண்டும்.

ஆங்கிலேய நிர்வாகத்தின் கண்ணுக்கோ புல்வெளி தரிசாகவும் சதுப்பு வீண் நிலமாகவும் தோன்றின. 1820களில் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஊட்டி ஏரியை அமைத்தது தொடங்கி, சதுப்புகள் நீர்த்தேக்கங்களாயின, வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கு, கேரட் வயல்களாயின. சுற்றியிருந்த புல்வெளிகளில் யூகலிப்டசும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் நடப்பட்டன. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் பல பள்ளத்தாக்குகளை நீருக்குள் கொண்டுபோயின. புல்லுக்குத் தோடர்கள் தீ வைப்பதையே கேடாகக் கண்டு தடுத்த வனத்துறை, தானே நட்ட அயல்மரங்கள் புல்வெளியை விழுங்கியதை நெடுங்காலம் கேடாகக் கருதவில்லை. இன்று தோடர் வீடுகள் பெரும்பாலும் சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் மாறிவிட்டன. கோயிலுக்கு மட்டும் அவில் விலக்க முடியாததாகவே இருப்பதால், எஞ்சிய சதுப்புகளைத் தேடி, மந்திலிருந்து தொலைவு சென்று அதை அறுத்துவருகின்றனர்.