வீட்டுக் கடனும் மலையகக் குடும்பங்களும்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் இன்று வங்கிக் கிளைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் சொந்த வீட்டுக்கெனக் கடன் கேட்டு அவ்வங்கிகளின் படியேறி, வெறுங்கையுடன் திரும்புவது வழமையான காட்சியாகவே உள்ளது. வங்கி பார்ப்பது மூன்றை: வருமானம், கடந்தகாலக் கடன் நடத்தை, ஈடாக வைக்கும் காணி. முதல் இரண்டையும் சீர்செய்வது பெருமளவுக்கு விண்ணப்பதாரரின் கையில் உள்ளது. மூன்றாவது அவர் கையில் இல்லை.

கடன் நடத்தையை வங்கி அறிந்துகொள்வது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை மூலமாகும். 'கிரிப்' என்று பேச்சு வழக்கில் கூறப்படும் இப்பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கடன் வழங்குவதா இல்லையா என்று தீர்மானிப்பதுமில்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களைத் தொகுத்து வைப்பதே அதன் பணி. ஒருவர் தாம் பெற்ற கடன் மட்டுமன்றி, பிறருக்காகப் பிணை நின்ற கடனும் அதில் பதிவாகும். முச்சக்கரவண்டி லீசிங்குக்காக மைத்துனருக்கோ, உடன் வேலை செய்பவருக்கோ முகதாட்சண்யத்தால் கையொப்பமிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். அத்தவணைகள் தவறியிருப்பின் அது பிணையாளியின் வீட்டுக் கடனையும் பாதிக்கும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரேனும் தமது அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்ப்பது அவசியம். நிலுவை இருப்பின் தீர்த்து, அதற்கான கடிதத்தைப் பெறவேண்டும். தவறான பதிவெனின், அதை அனுப்பிய நிறுவனத்தின் ஊடாகவே திருத்த முடியும். வாரந்தோறும் குழுவாகச் செலுத்தும் நுண்நிதிக் கடன்களைப் பெண்கள் சிறியதெனக் கருதி மறந்துவிடுகின்றனர். வங்கி அவற்றை மறப்பதில்லை.

வருமானம் என்பது நாட்சம்பளத்தின் பெருக்கற்கணக்கு அன்று. அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, 25 நாள் பெயர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கான 8 சதவீதம் கழிய எஞ்சியது 31,050 ரூபா. பெயர் விழாத நாட்களும் தீபாவளி முற்பணக் கழிவும் அதனை மேலும் குறைத்திருக்கும். கொழும்பில் தொழில்புரியும் பிள்ளைகள் அனுப்பும் பணம் கையோடு கைமாறினால் வங்கியின் கண்ணில் அது வருமானமாகாது. கணக்கொன்றில் மாதந்தோறும் வைப்பிலிடப்படுவதே சான்றாகும். பெயர்ச் சிக்கலும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் வேறொன்று. இதைத் திருத்த மாதங்கள் பிடிக்கும். கடன் விண்ணப்பத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை.

காணி உறுதியற்ற தொழிலாளிக்கு எஞ்சும் ஒரே பெரிய சொத்து ஊழியர் சேமலாப நிதியாகும். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் 8 சதவீதத்துடன் தொழில்தருநரின் 12 சதவீதமும் அதில் சேர்கின்றது. மீதியின் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக்கும் சான்றிதழைத் தொழில் திணைக்களத்தில் பெற்று, அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் சமர்ப்பிக்கலாம். தோட்டங்களில் சிலரது பணம் அரச நிதியில் அன்றி தனியான சேமலாபச் சங்கங்களில் உள்ளதால், தமது பணம் எங்குள்ளதென முதலில் உறுதிசெய்தல் வேண்டும். ஆனால் தவணை தவறினால் அறவிடப்படுவது முதுமைக்கால ஓய்வுப் பணமே. வீடு என்ற பெயரில் கடன் பெற்றுத் திருமணச் செலவுக்கோ பழைய கடனுக்கோ அதனைக் கரைப்பதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம்.

நகரங்களில் கடை நடத்தும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் நிலை வேறு. அவர்களிடம் பணப்புழக்கம் உண்டு, பத்திரம் இல்லை. வியாபாரப் பதிவு, கணக்கேடு, வரிக் கோவை ஆகியன குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது ஒழுங்காக இருத்தல் நன்று. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்கள், 2011 இல் செயற்படத் தொடங்கிய அமானா வங்கி போன்றவற்றில் வங்கியும் வாடிக்கையாளரும் பங்காளராகி, வங்கியின் பங்கைப் படிப்படியாக வாங்கும் 'குறைந்து செல்லும் முஷாரகா' முறையை நாடலாம். அங்கும் 'கிரிப்' அறிக்கை கேட்கப்படும்.

இனி காணி. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் பிராந்தியக் கம்பனிகளிடம் முகாமைத்துவம் கையளிக்கப்பட்டபோதும் காணியின் உரித்து அரச தரப்பிலேயே தங்கியது. நூற்றாண்டுக்கு மேலாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமும் அவ்வறையை ஈடு வைக்க இயலாதது இதனாலேயே. 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்தவர்களும் கூட, உறுதி தம் பெயரில் எழுதப்பட்டு காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுள்ளதா, அதனை ஈடு வைக்கத் தடையேதும் உண்டா என்று நொத்தாரிசு ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். விழாமேடையில் கையளிக்கப்படும் பத்திரங்கள் யாவும் உறுதிகள் அல்ல. இதனை அரசியல்வாதிகள் தெளிவாகச் சொல்வதில்லை. வீடமைப்புத் திட்டங்கள் அறிவிக்கப்படும்போது வீடுகளின் எண்ணிக்கையை மட்டுமன்றி, பதியப்பட்ட உறுதிகளின் எண்ணிக்கையையும் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

நகரை அண்டிய தனியார் காணியை வாங்குவோர், முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே உரித்து வரலாற்றையும் நில அளவை வரைபடத்தையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் கட்டட அனுமதிக்கு மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இணக்கமும் தேவை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின்னர், மலிவாகக் கிடைக்கும் சரிவுக் காணிக்கு இவ்விணக்கம் கிடைக்குமா என்பதை விலை பேசுவதற்கு முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.