குருதி காணும் கண்களும் குற்றம் செய்யும் கைகளும்



கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை நாளை மெய்யாகவே ஒருவர்மேல் கை ஓங்குவானோ என்ற அச்சம் உங்களில் பலருக்கு உண்டு. இந்த அச்சத்திற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதை அறிந்து பிள்ளையிடம் பேசுவதும் அறியாமல் பேசுவதும் ஒன்றல்ல.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் எக்சிடி என்னும் நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டி அது. திரையில் ஓடும் உருவங்களின்மேல் காரை ஏற்ற வேண்டும். ஏற்றியவுடன் ஓர் அலறல் கேட்கும்; அவ்விடத்தில் சிலுவைக் குறியோடு ஒரு கல்லறை எழும்பும். அவை மனிதரல்ல, பூதங்களே என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. இன்றைய கண்ணுக்கு அவை வெறும் வெள்ளைக் கோட்டுப் பொம்மைகள். ஆயினும் அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு மன்றம் அதைக் கண்டித்தது, செய்தித்தாள்கள் எழுதின. கண்டனம் பெருகியபோது அந்தப் பெட்டியை வாங்குவோரும் பெருகினர் என்பது தனிக் கதை.

1993 டிசம்பர் 9 அன்று இதே வழக்கு அமெரிக்கச் செனட் சபை முன் வந்தது. 'மோர்ட்டல் காம்பாட்' என்னும் சண்டை விளையாட்டில் வென்றவன் தோற்றவனின் தலையைத் தண்டுவடத்தோடு பிடுங்கும் காட்சியை உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதன் பயனாக, விளையாட்டுகளுக்கு வயதுவரம்பு குறிக்கும் வாரியம் ஒன்றை 1994இல் அத்தொழிலினரே ஏற்படுத்தினர். (உங்கள் கைப்பேசியில் ஒரு விளையாட்டை இறக்கும் பக்கத்திலும் அத்தகைய வயதுக்குறி உண்டு. அதைப் பார்த்துவிட்டு அனுமதி தரும் பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.) செனட் விசாரணை நடந்த மறுநாளே 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டு வெளிவந்தது.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவ்விருவரும் 'டூம்' ஆடியவர்கள். அன்றுமுதல் இக்கேள்வி கேள்வியாக இராமல் தீர்ப்பாகவே மாறிற்று. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒருவன் 32 பேரைக் கொன்றபோது, அவன் யாரென்று முழுமையாகத் தெரியுமுன்னரே தொலைக்காட்சியில் விளையாட்டுகள்மேல் பழி விழுந்தது. பின்னர் மாநில ஆளுநர் அமைத்த குழு அவன் வாழ்வை ஆராய்ந்தது. வன்முறை விளையாட்டில் மூழ்கிய இளைஞன் அதில் தென்படவில்லை. சிறுவயது முதல் எவரோடும் பேசாமல் ஒடுங்கியவனும், சிகிச்சை தொடராமல் கைவிடப்பட்டவனுமான ஒருவனே தென்பட்டான். பழியை இயந்திரத்தின்மேல் போடுவது எளிது. எவரும் அவனை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பது நமக்குக் கடினம்.

ஆய்வுகள் சொல்வதென்ன? ஆய்வுக்கூடத்தில் ஒருவரைச் சில நிமிடம் ஆடவைத்து, பிறகு கண்காணாத இன்னொருவருக்கு எவ்வளவு உரத்த இரைச்சலை அனுப்புகிறார் என்றோ, காரம் பிடிக்காதவரின் உணவில் எவ்வளவு மிளகாய்ச் சாறு ஊற்றுகிறார் என்றோ அளந்தார்கள். சில சோதனைகளில் சிறிய ஏற்றம் தெரிந்தது. ஆனால் மிளகாய்ச் சாற்றிலிருந்து கொலைக்கு வெகுதூரம். சிறுவர்க்கு இவ்விளையாட்டுகளை விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியாச் சட்டத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளியபோது, இந்த ஆய்வுகள் காரணத்தை நிரூபிக்கவில்லை என்றே கண்டது. 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதினர் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆராய்ந்தனர். பிள்ளைகள் ஆடிய விளையாட்டுகளையும், அவர்கள் நடத்தையைக் குறித்துப் பெற்றோர் சொன்னவற்றையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு எதுவும் புலப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் இவ்வளவு தூரம் செல்லவில்லை. கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு; ஆனால் கொலை முதலிய கொடுஞ்செயல்களை இவற்றோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020இல் அது அறிவித்தது.

ஆகவே, "இதை ஆடினால் நீ கொலைகாரனாவாய்" என்று உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள். அது மெய்யல்ல என்பதை உங்களைவிட அவன் நன்கு அறிவான்; அவனோடு ஆடும் நண்பர்களை நாள்தோறும் பார்க்கிறவன் அவன். ஒரு காரியத்தில் நாம் மிகைப்படுத்துகிறோம் என்று கண்டுகொண்ட பிள்ளை, அடுத்து நாம் சொல்லும் மெய்யையும் கேட்கமாட்டான்.

அந்த மெய் என்ன? இதைச் சொல்ல நான் இன்னும் பின்னோக்கிச் செல்லவேண்டும். அகுஸ்தீன் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலின் 6ஆம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுஸைக் குறித்துச் சொல்கிறார். சட்டம் பயில ரோமாபுரிக்குச் சென்ற அந்த இளைஞருக்கு வாள்வீரர் சண்டை என்றாலே அருவருப்பு. நண்பர்கள் வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றபோது, உடல் அங்கிருந்தாலும் உள்ளம் இராது என்று சொல்லிக் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூடவில்லை. ஒருவன் வீழ்ந்தான், திரள் ஆரவாரித்தது, அலிப்பியுஸ் கண் திறந்தார். திறந்த கண்களை அவரால் மீண்டும் மூட முடியவில்லை.

அங்கே செத்தவன் உண்மை மனிதன். திரையில் சாவது ஒளிப்புள்ளி. இவ்வேறுபாடு மிகப் பெரியது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அலிப்பியுஸ் வெளியே சென்று எவரையாவது தாக்கினார் என்று அகுஸ்தீன் எழுதவில்லை. கை என்ன செய்தது என்பதல்ல, கண் எதில் களித்தது என்பதே அவர் கவலை. எந்த ஆய்வுக்கூடத்து இரைச்சலும் அளக்காத கேள்வி இது. நீதிமன்றத்திற்கும் இதில் வேலையில்லை. தன் பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் ஆடும்போது எதற்குச் சிரிக்கிறான், எப்போது முகம் மாறுகிறான் என்று பார்க்கிற தாய் தகப்பனுக்கே இதற்கு விடை கிடைக்கும். சில பிள்ளைகள் அங்கே தேடுவது குருதியை அல்ல, கூடி ஆடும் தோழரை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

அலிப்பியுஸ் அதன்பின் தாமாகவே அரங்கிற்குப் போனார். மற்றவர்களையும் இழுத்துச் சென்றார். அதிலிருந்து அவர் மீண்டது நெடுங்காலத்திற்குப் பின்னரே. பிற்காலத்தில் தம் சொந்த ஊராகிய தகாஸ்தேயில் அவர் ஆயராக இருந்தார்.