வெயிலில் வீட்டு மீன் தொட்டி: தண்ணீர் சூடானால் மீன்கள் சாவது ஏன்?

விடியற்காலையில் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? அது பசி இல்லைங்க, மூச்சுத் திணறல்!

காரணம் என்ன?

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால், சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியலில் நிலைமை மோசமாகும்.

எவ்வளவு சூடு சரி?

திலேப்பியாவுக்கு 27 முதல் 30 டிகிரி நல்லது. காலையிலும் மதியம் 3 மணிக்கும் தெர்மாமீட்டரில் பாருங்க.

என்ன செய்யலாம்?

* தொட்டிக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டுங்க.
* உச்சி வெயிலில் தீவனம் போடாதீங்க.
* ஏரேட்டரை இரவு முழுக்க ஓடவிடுங்க. கரன்ட் போனால் ஓட பேட்டரி அவசியம்.
* தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க. போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஷவர் போல தூவிவிடுங்க.

ஐஸ் கட்டி போடலாமா?

வேண்டவே வேண்டாம். சூடு சட்டென இறங்கினாலும் மீன் தாங்காது.

விரால் வளர்க்கிறீங்களா? அது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்புதான், பயப்படாதீங்க.