பட்டுநூல், கம்பி, ஸ்க்ரூ: குட்டி நாய்களின் கழுத்தை நிறுத்திய கதை

இரண்டு மாதம் முன்னால் எங்கள் வீட்டு பாமரேனியன் குட்டி சோபாவிலிருந்து குதித்தது. கீச்சென்று ஒரு கத்தல், அதன்பின் தலையைத் தூக்கவே இல்லை. ஏழு மாதக் குட்டி, எடை ஒன்றே முக்கால் கிலோ. எக்ஸ்-ரே எடுக்கப் போன இடத்தில், "தலையை நல்லா குனிய வச்சுப் பிடிங்க சார்" என்றார்கள். பிடித்தேன். மேஜை மேலேயே பின்னங்கால்கள் துவண்டன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. இப்போது கழுத்தைச் சுற்றிக் கட்டோடு கூண்டுக்குள் படுத்திருக்கிறது. ஆபரேஷனா, இப்படியே விடுவதா என்று நான் முடிவு சொல்ல வேண்டும். நம்ம புத்திதான் தெரியுமே, படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

கழுத்தின் முதல் எலும்பு அட்லஸ், இரண்டாவது ஆக்சிஸ். 'மாட்டேன்' என்று தலையாட்டுகிறோமே, அந்தச் சுழற்சி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. மற்ற முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு இங்கே கிடையாது. ஆக்சிஸிலிருந்து பல் மாதிரி ஒரு முளை முன்னால் நீண்டு அட்லஸுக்குள் போகிறது. சில தசைநார்கள் அதைப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான் ஏற்பாடு. யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், பாமரேனியன் போன்ற குட்டி இனங்களில் சிலதுக்கு அந்த முளை சரியாக வளர்வதில்லை, அல்லது இருப்பதே இல்லை. தலை குனிந்தால் ஆக்சிஸ் மேலே எழும்பித் தண்டுவடத்தை நசுக்கும். நான் அன்று மேஜையில் செய்தது அதைத்தான்.

நாய்களில் இந்தக் கோளாறை கியரி, ஆலிவர், ஹோர்லைன் மூவரும் 1967இல் விவரித்தார்கள். மனிதர்களுக்கு வைத்தியம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பாஸ்டனில் மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் 1910இல் இரண்டு எலும்பையும் பட்டுநூலால் கட்டினார்கள். 1939இல் டொராண்டோவின் கேலி கம்பிக்கு மாறினார். நாய்களுக்கும் முதலில் வந்தது கம்பிதான். பிடரிப் பக்கம் திறந்து, அட்லஸின் வளைவுக்கு அடியில் கம்பியை நுழைத்து, ஆக்சிஸின் முதுகு முள்ளோடு முறுக்குவது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனா அந்த வளைவுக்கு அடியில் இருப்பது தண்டுவடம். கம்பி நுழையும்போதே அதைக் குத்தலாம். நுழைந்த பிறகும் நிம்மதி இல்லை: ஒன்றரைக் கிலோ நாயின் அட்லஸ் வளைவு அவ்வளவு மெல்லிசு, கம்பி வெண்ணெயை அறுக்கிற மாதிரி அறுத்துவிடும். எலும்பு தாங்கினாலும், ஓயாமல் அசையும் மூட்டில் கம்பி ஒருநாள் களைத்து அறுந்துபோகும். இன்ஜினியர் கண்ணுக்கு இது அப்பட்டமான டிசைன் பிழை: மொத்தச் சுமையும் இருப்பதிலேயே பலவீனமான பாகத்தின் மேல்.

திருப்பம் வந்தது தொண்டைப் பக்கமிருந்து. சோர்ஜோனனும் ஷயர்ஸும் 1981இல், நாயை மல்லாக்கப் படுக்கவைத்து முன்பக்கமாகப் போகும் முறையை எழுதினார்கள். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளை நரம்பு எல்லாவற்றையும் ஒதுக்கித்தான் எலும்பைத் தொட முடியும், அதற்கான விலையும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் சில நாய்களுக்கு மூச்சுத் திணறலோ நிமோனியாவோ வருகிறது. ஆனால் இங்கே நோக்கமே வேறு. மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்புத் துகள் வைத்து, இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிப்போகச் செய்வது. உலோகம் அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். பிரிஸ்டலின் டென்னியும் கூட்டாளிகளும் 1988இல், மூட்டின் ஊடாக ஸ்க்ரூ போடும் முறையை மதிப்பிட்டு, 30 நாய்களின் கதையை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் மேகர்ல் மனிதர்களுக்கு அதேபோல மூட்டின் ஊடாக ஸ்க்ரூ போட்டது அதற்குச் சில வருஷம் முன்னால்தான்.

ஸ்க்ரூவின் விட்டம் சில நாய்களுக்கு 1.5 மில்லிமீட்டர். கோணம் கொஞ்சம் தப்பினால் நேராகத் தண்டுவடம். அதனால்தான் 90களில் பல ஊசிகளைக் குத்தி, அவற்றின் தலைகளை எலும்பு சிமென்ட்டில் புதைக்கும் முறை பரவியது. அந்த சிமென்ட் வேறொன்றுமில்லை, பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியின் அதே அக்ரிலிக்! அண்மைக் காலத்தில் சி.டி. ஸ்கேனை வைத்து, அந்தந்த நாயின் எலும்புக்கே பொருந்தும் துளை வழிகாட்டியை த்ரீ-டி பிரிண்டரில் அச்சடிக்கிறார்கள். கை நடுங்கினாலும் கோணம் தப்பாது.

46 நாய்களை அலசிய 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இரண்டு வயதுக்குள் நோய் தொடங்கியவை ஆபரேஷனுக்குப் பின் நன்றாகத் தேறியதாகச் சொல்கிறது. எங்களுடையதற்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. அடுத்த வாரம் சி.டி. ஸ்கேன். முன்பக்கமா பின்பக்கமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், மயக்கத்தில் இருக்கும்போது அதன் தலையை யார் பிடிப்பார்கள், எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்கப்போகிறேன்.