பாக்மனும் ஹோர்ட்டும்

லூடேக் பாக்மன் 1924இல் பிறந்தார்; வ்லாஸ்திமில் ஹோர்ட் 1944இல். செக்கோஸ்லோவாக்கியாவின் செஸ் பட்டத்தை பாக்மன் ஏழு முறை வென்றார், ஹோர்ட் ஆறு முறை. இருவருமே பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியில் குடியேறி, அந்த நாட்டின் பட்டத்தையும் வென்றார்கள். ஏட்டளவில் இவ்வளவு ஒற்றுமை. ஆனால் செஸ் உலகம் இவர்களை நினைவில் வைத்திருப்பது ஆட்டத்துக்காக அல்ல. அது எனக்கு நெடுநாள் மனக்குறை.

பாக்மன் தீவிரமான கம்யூனிஸ்ட். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. ஆக்கிரமிப்பை வெளிப்படையாக எதிர்த்தார். மறு ஆண்டு சிறைக்குப் போனார். அங்கே அவர் பட்ட வதை கொடியது. 1969 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, தலையிலும் முதுகெலும்பிலும் படுகாயத்தோடு பிழைத்தார். 1972இல் நாட்டை விட்டு வெளியேறிய பிறகும், சோவியத் முகாம் ஆட்டக்காரர்கள் அவர் ஆடிய போட்டிகளைப் புறக்கணித்தார்கள். கட்சியில் இருந்தபோதும் சரி, கட்சியை எதிர்த்தபோதும் சரி, பாக்மன் எதையும் அரை மனதோடு செய்தவர் இல்லை. அவருடைய பலமும் அதுதான், அவரைப் பலருக்குப் பிடிக்காமல் போனதும் அதனால்தான்.

ஹோர்ட் 1968க்குப் பிறகும் ஊரிலேயே இருந்து ஆடினார். மேற்கே போனது 1985இல்தான். இதை வைத்து அவரைத் துணிவு குறைந்தவர் என்று எடைபோடுவது தவறு. 1977இல் ரெய்க்யாவிக்கில், உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில், அவருக்கு எதிரே அமர்ந்தவர் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கி. நடுவில் ஸ்பாஸ்கிக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு உரிய ஓய்வு நாட்கள் தீர்ந்துவிட்டன. ஹோர்ட் வாய்மூடி இருந்திருந்தாலே போதும், போட்டி அவர் கைக்கு வந்திருக்கும். தனக்குரிய ஓய்வு நாட்களை எடுத்து எதிராளி தேறிவரக் கொடுத்தார். டாங்கிகள் வந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைக்கும்போது அந்தச் செயலின் கனம் புரிகிறது. சோவியத் அரசின் மீதிருந்த கசப்பை அந்த நோயாளியின் மேல் அவர் இறக்கவில்லை.

பதினைந்தாவது ஆட்டத்தில் ஹோர்ட்டுக்கு வெற்றி நிலை. யோசித்துக்கொண்டே இருந்தார், நேரம் தீர்ந்து கடிகாரத்தில் கொடி விழுந்துவிட்டது. ஏழரைக்கு எட்டரை என்று போட்டி கைநழுவியது. ஊருக்குத் திரும்பும் முன் அதே ஐஸ்லாந்தில் ஒரு நாள் முழுக்க நின்று 550 பேரோடு ஆடினார். தோற்றவை பத்தே.

சிறைக்கதையும் பெருந்தன்மைக் கதையும் சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் 1959இல் மார் டெல் பிளாட்டாவிலும் சான்டியாகோவிலும் பதினாறு வயது பாபி ஃபிஷரை பாக்மன் வீழ்த்தியதையும், 1970இல் பெல்கிரேடில் சோவியத் அணியை எதிர்த்து ஆடிய உலக அணியின் நான்காம் பலகையில் ஹோர்ட் பொலுகாயெவ்ஸ்கியை முந்தியதையும் யார் பேசுகிறார்கள்? ஆட்டம் பழகும் பிள்ளை யாராவது கேட்டால், பாக்மன் எழுதிய நவீன வியூக நூலைக் கையில் கொடுப்பேன். ஹோர்ட்டைப் பற்றிக் கேட்டால், அந்தப் பதினைந்தாவது ஆட்டத்தில் கொடி விழுந்த கணத்தில் இருந்தபடியே காய்களை அடுக்கி வைத்து, வெள்ளையா கறுப்பா, எந்தப் பக்கம் உட்கார ஆசை என்று கேட்பேன்.