பஸ்டர் கீற்றன்: ஒரு கலைஞனும் அவன் கருவிகளும்

மௌனப்பட யுகத்து நகைச்சுவைக் கலைஞர்களின் வீழ்ச்சி பற்றி எழுதுவோர் பலரும் ஒரே காரணத்தையே திரும்பத் திரும்பக் கூறுவர். 1927இல் திரை பேசத் தொடங்கிற்று. பேசாத கலை மடிந்தது. அதனை நம்பியிருந்தோரும் அதனோடு மறைந்தனர் என்பதே அவ்விளக்கம். தொழில்நுட்பம் தானே தனித்து நின்று வரலாற்றை இயக்குகின்றது என்ற எண்ணம் இதன் அடியிற் கிடக்கின்றது. பஸ்டர் கீற்றனின் (1895–1966) வாழ்க்கையை ஆண்டுவாரியாக நோக்குமிடத்து இவ்விளக்கம் பொருந்தாமை புலனாகும். அவர் தமது ஸ்டூடியோவை இழந்தது 1928இன் தொடக்கத்தில். அவர் பேசி நடித்த முதல் முழுநீளப் படம் வெளிவந்ததோ 1930இல். ஆகவே ஒலிவாங்கிக்கு முன்னரே நிகழ்ந்துவிட்ட ஒன்றினை நாம் தேடவேண்டியுள்ளது.

கான்சஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரிற் பிறந்தவர் அவர். பெற்றோர் ஊரூராகச் சென்ற மேடைக் கலைஞர். 'வோட்வில்' எனப்பட்ட பல்சுவை அரங்கிலே தந்தை மகனைத் தூக்கி எறிவதே அக்குடும்பத்தின் நிகழ்ச்சி. எறிவதற்கு வசதியாகச் சிறுவனின் சட்டையின் பின்புறத்திற் பெட்டியின் கைப்பிடியொன்று தைக்கப்பட்டிருந்தது. நியூயோர்க்கின் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தினர் இதனைத் தடுக்க முயன்றனர்; குடும்பத்தினர் அவர்களை ஏய்த்துப் பிழைத்தனர். விழுந்தெழுந்து தான் சிரித்தாற் பார்ப்போர் குறைவாகவே சிரிக்கின்றனர் என்பதைக் குழந்தை விரைவிற் கண்டுகொண்டது. பின்னாளில் விமரிசகர் பலவாறு தத்துவார்த்த விளக்கம் கூறிய அந்தச் சலனமற்ற முகம், ஒரு சிறுவன் தன் உழைப்பின் பயனைக் கணக்கிட்டுப் பெற்ற தொழிற்பயிற்சியாகும்.

1917இல் ரொஸ்கோ ஆர்பக்கிளின் படக்குழுவிற் சேர்ந்தார். மேடை தரவிருந்ததிலும் மிகக் குறைந்த சம்பளமே அங்கு கிடைத்தது. எனினும் கமராவைக் கழற்றிப் பார்த்தவர் அதனை விட்டு மீளவில்லை.

1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க், முன்னர் சாப்ளின் பணியாற்றிய ஹொலிவூட் ஸ்டூடியோவொன்றைக் கீற்றனின் குழுவுக்கென ஒதுக்கினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் 19 குறும்படங்களும் 10 முழுநீளப் படங்களும் அக்குழுவினரால் ஆக்கப்பட்டன. அங்கு நிலவிய உழைப்பின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. எழுதி முடிக்கப்பட்ட படப்பிரதி கிடையாது. தொடக்கமும் முடிவும் தீர்மானமாகும். நடுப்பகுதி படப்பிடிப்பிலே பிறக்கும். கிளைட் பிரக்மன், ஜீன் ஹாவெஸ் முதலிய நகைச்சுவை ஆக்குநரும், படப்பிடிப்பாளர் எல்ஜின் லெஸ்லியும், பொறியமைப்புகளைச் செய்த பிரெட் கபூரியும் நிலையான சம்பளக் குழுவினராய் இருந்தனர். சிக்கலொன்று தீராதவிடத்து எல்லோரும் வெளியே சென்று பேஸ்போல் ஆடுவர். தீர்வு தோன்றினால் ஆட்டத்தை விட்டுக் கமராவுக்குத் திரும்புவர். சரிவராத காட்சியை மீண்டும் எடுப்பதற்கு எவரிடமும் உத்தரவு பெறவேண்டியதில்லை. 'ஷெர்லொக் ஜூனியர்' (1924) படத்திலே உறங்கும் படமோட்டியொருவன் கனவில் திரைக்குள் நுழைகின்றான்; அவனைச் சுற்றி இடங்கள் மாறுகின்றன, அவன் மாத்திரம் நின்ற நிலை மாறுவதில்லை. இதற்காக நில அளவையாளரின் கருவிகளைக்கொண்டு நடிகனின் நிலையை ஒவ்வோர் இடத்திலும் அளந்தனர். சிந்திப்பவனும் செய்பவனும் பிரிக்கப்படாத கைவினைப் பட்டறையொன்று, பெருந்தொழில் முதலாளித்துவத்தின் நடுவிலே எட்டாண்டுகள் நிலைத்திருந்தது எனலாம்.

அப்பட்டறையின் பொருளும் இயந்திரந்தான். 'வன் வீக்' (1920) படத்திற் புதுமணத் தம்பதியினர் பெட்டிகளில் வந்த ஆயத்த வீட்டை இலக்கப்படி பொருத்துகின்றனர். பொறாமைக்காரனொருவன் இலக்கங்களை மாற்றிவிட, கோணல்மாணலாக எழுந்த வீடு ஈற்றில் ரயிலால் மோதுண்டு சிதறுகின்றது. 'த நவிகேற்றர்' (1924) படத்திலோ, சவரம் முதற் சாப்பாடு வரை பிறர் உழைப்பில் வாழ்ந்த செல்வந்த இளைஞன் ஆளில்லாக் கப்பலில் அகப்பட்டு, நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் பாத்திரத்தில் முட்டை அவிக்க முயல்கின்றான். அக்கப்பலுக்கு ஒரு வரலாறு உண்டு. 'பியூபோர்ட்' என்பது அதன் பெயர். 1919 டிசம்பரில் எம்மா கோல்ட்மன், அலெக்சாந்தர் பேர்க்மன் உட்பட 249 பேரை ஐக்கிய அமெரிக்க அரசு நாடுகடத்திச் சோவியத் ருஷ்யாவை நோக்கி அனுப்பியது இதிலேயே. ஐந்தாண்டுகளுள் அதே தளத்தின்மீது நகைச்சுவைப் படம் எடுக்கப்பட்டது. கீற்றன் இதனை எண்ணிப் பார்த்தார் என்பதற்குப் படத்தில் யாதொரு சான்றுமில்லை.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் நன்று. கீற்றனை முற்போக்குவாதியாக்க முயல்வது வீண்முயற்சி. அவருடைய தலைசிறந்த படமெனப் போற்றப்படும் 'த ஜெனரல்' 1862இல் உண்மையாக நிகழ்ந்த ரயில் கடத்தலை ஆதாரமாகக் கொண்டது. மூலநூல் கடத்திய வடபுலத்தாரின் பக்கம் நின்று எழுதப்பட்டது. கீற்றன் அதனைத் தலைகீழாக்கித் தென்புலத்து ரயில் சாரதியை நாயகனாக்கினார். எந்த அடிமைமுறையைக் காக்கத் தென்புலம் போர் புரிந்ததோ, அது படத்தில் ஒரு பிரச்சினையாகவே தோன்றுவதில்லை. 'கொலிஜ்' (1927) படத்தில் முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவனாய் நடிக்கும் காட்சி இன்று முகஞ்சுளிக்க வைப்பது. ஆயினும் 'த ஜெனரலி'ல் ஒரு தொழிலாளியும் அவனுடைய எஞ்சினும் ஒன்றாய் இயங்கும் முறையை, விறகு வெட்டுவது முதற் தண்டவாளத்துக் கட்டையை அகற்றுவது வரை, அத்துணை நுணுக்கமாகக் காட்டிய படங்கள் அரிது. கமரா எட்ட நிற்கின்றது. வெட்டி ஒட்டாமல் முழுச் செயலையும் காட்டுகின்றது. 1926 யூலையில் ஒறிகன் மாநிலத்தில் எரியும் பாலத்தின்மீது மெய்யான எஞ்சினொன்றை ஓட்டி ஆற்றில் வீழ்த்தினர், மாதிரியுரு பயன்படுத்தப்படவில்லை. அவ்வெஞ்சின் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பழைய இரும்பாக அகற்றப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

ஏறக்குறைய 750,000 டொலர் செலவான அப்படம் வசூலில் தோற்றது. பத்திரிகைகளும் ஏளனஞ் செய்தன. அதன்பின் பட்டறைக்குள் மேலிடத்தின் கை நீளலாயிற்று. 1927இல் மிசிசிப்பி பெருக்கெடுத்து மக்கள் மாண்டமையால், 'ஸ்ரீம்போட் பில் ஜூனியர்' படத்தின் வெள்ளக் காட்சியைக் கைவிடுமாறு பணிக்கப்பட்டது. கீற்றன் வெள்ளத்தைச் சூறாவளியாக மாற்றினார். வீட்டின் முகப்புச் சுவர் முழுமையாகச் சரிந்துவிழ, திறந்திருந்த சாளரத்தின் இடைவெளியில் அவர் அசையாது நின்று தப்பும் புகழ்பெற்ற காட்சி அம்மாற்றத்தின் விளைவே.

இனி அடிப்படைக்கு வருவோம். நிறுவனம் கீற்றனின் பெயரையே தாங்கியிருந்தது. அதில் அவருக்கு ஒரு பங்குதானும் இருக்கவில்லை. சம்பளமும் இலாபத்தில் ஒரு கூறும் கிடைத்தன. ஸ்டூடியோவும் படங்களும் ஸ்கெங்குக்கும் அவருடைய கூட்டாளிகளுக்குமே உரியன. ஸ்கெங்க் கொடியவரல்லர். கீற்றனின் மனைவியின் தமக்கையை மணந்த சகலன் அவர். எட்டாண்டுகளாகத் தலையிடாதிருந்தவரும் அவரே. ஆனால் உறவின் தயவில் வந்த சுதந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சாப்ளின் 1918இல் சொந்த ஸ்டூடியோவைக் கட்டினார். 1919இல் யுனைற்றெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரானார். எனவேதான் திரையுலகு முழுவதும் பேசிக்கொண்டிருந்தபோது 'சிற்றி லைற்ஸ்' (1931), 'மொடேர்ன் டைம்ஸ்' (1936) ஆகியவற்றைப் பேசாமலே எடுக்க அவரால் முடிந்தது. ஹரல்ட் லொயிட்டும் தம் படங்களின் உரிமையாளரே. மூவருள் உடைமையற்றவர் ஒருவர். ஸ்டூடியோ பறிபோனதும் அவருக்கே.

தயாரிப்பு, விநியோகம், கொட்டகை மூன்றையும் ஒரே மூலதனத்தின்கீழ்க் கொணரும் போக்கு அக்காலத்தில் வலுப்பெற்றது. கொட்டகைத் தொடரொன்றை உடைய லோ கொம்பனியின் படப்பிரிவே மெற்றோ-கோல்ட்வின்-மேயர். 1927இல் அக்கொம்பனியின் தலைவரானவர் ஸ்கெங்கின் உடன்பிறந்தவரான நிக்கொலஸ். சாப்ளினும் லொயிட்டும் வேண்டாமென எச்சரித்தும், 1928இல் வாரம் 3,000 டொலருக்குக் கீற்றன் அங்கு ஒப்பந்தமானார். தமது குழுவைத் தனியாக நடத்த அனுமதி கேட்டார்; மறுக்கப்பட்டது. அங்கு பிரதி முன்னரே எழுதப்பட்டுப் பல மேசைகளைத் தாண்டி வந்தது. நடிகர் நடிகரே.

இங்கேதான் பேசும்படக் கதை முற்றிலும் பிழைத்துப்போகின்றது. மேடையில் வளர்ந்த அவருக்குக் குரல் தடையன்று. 'ஸ்பைட் மரீஜ்' (1929) படத்தை ஒலியுடன் எடுக்க விரும்பியவர் அவர், இணங்காதது நிறுவனம். பேசும்படங்கள் நல்ல வசூலையும் ஈட்டின. தம் படங்களை ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் மீள நடித்து, பொருளறியாச் சொற்களை ஒலிப்பின்படி அவர் ஒப்புவித்தார். கலையின் அழிவும் விற்பனையின் வளர்ச்சியும் ஒருங்கே நிகழ்ந்தன. குடி மிகுந்தது, மணவாழ்வு முறிந்தது, 1933இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளின் பின் அதே நிறுவனம் நகைச்சுவை ஆலோசகராக அவரை மீள அமர்த்தியது. சம்பளம் வாரம் 100 டொலர். ரெட் ஸ்கெல்டன் நடித்து 1943இல் வெளிவந்த 'ஐ டூட் இட்' கீற்றனின் 'ஸ்பைட் மரீஜ்' படத்தின் மறு ஆக்கமே.

நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கிய மாளிகை முன்பொருகால் கீற்றனுடையது. அங்கு பல படங்களின் சுருள்கள் கிடைத்தன. 1965இல் வெனிஸ் திரைப்பட விழா அவரை எழுந்து நின்று கரகோஷத்துடன் வரவேற்றது. 1966 பெப்ரவரி முதலாம் நாள் காலமானார். படங்களின் உரிமை அதன் பின்னரும் கைமாறிக்கொண்டேயிருந்தது. 2024 சனவரியுடன், 1928 வரை வெளியான அமெரிக்கப் படங்கள் யாவும் அந்நாட்டிற் பதிப்புரிமை நீங்கியவையாயின. அப்பட்டறையில் ஆக்கப்பட்ட இருபத்தொன்பதும் அவற்றுள் அடங்கும்.