வாடகைக்கு முந்திய கேள்வி

குறைந்த வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று பேசுகிறவர்கள் கூலியையும் விலைவாசியையும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். எங்க ஜனங்களுக்கு வாடகைக்கு முன்னாடியே ஒரு கேள்வி நிற்குது: 'நீங்க என்ன ஆளுங்க?'

1917இல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கர், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர். இந்து விடுதிகள் சேர்க்காது என்று தெரிந்து, பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். நாளுக்கு ஒன்றரை ரூபாய். 11ஆம் நாள் தடிகளோடு வந்தவர்கள் சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இந்து நண்பர், வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்கணும் என்றார். (இருவரும் பிராமணராயிருந்து மதம் மாறியவர்கள்!) பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். படித்தவருக்கே இது. மூட்டை தூக்குகிறவருக்கு?

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை பேசியது, கண்டபடி காலி செய்வதைத் தடுத்தது. நல்ல சட்டம்தான், உள்ளே குடியேறிவிட்டவனுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் அதில் இல்லை. அதன் இடத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சென்னையில் இன்னும் பத்து மாசம் கேக்குறாங்க. சாதி கேட்டு மறுக்கக் கூடாது என்று அதிலும் ஒரு வரி கிடையாது.

நான் வீடு தேடிய தெருவில் முதலில் என்ன சமைப்பீங்கன்னு கேட்டாங்க. அப்புறம் சொந்த ஊர். அப்புறம் ஊர்ல எந்தத் தெரு. வாடகை எவ்வளவுன்னு நான் கேக்குறதுக்குள்ள, சொந்தக்காரங்க குடிவர்றாங்கன்னு சொல்லிட்டாங்க.